வெளுத்த பிளாஸ்டிக்குக்கு எண்ணெய் மருந்தல்ல

நாகப்பட்டினம் – திருவாரூர் சாலையில் கீழ்வேளூரைச் சுற்றி ஓடும் பழைய இருசக்கர வண்டிகளைக் கவனித்தால், இன்ஜினுக்கு வயதாவதற்கு முன்பே பிளாஸ்டிக்குக்கு வயதாகிவிடுவது தெரியும். இருபது வருடத்து ஸ்பிளெண்டர் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் அதன் சுவிட்ச் பெட்டியும் ரியர்வியூ கண்ணாடியின் கூடும் சாம்பல் பூத்துக் கிடக்கும். உர மூட்டையை ஏற்றிக்கொண்டு களத்துமேடு வரை போகும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் கறுப்பாக இருந்தவை எல்லாம் வெளிறியிருக்கும். இதற்கு ஊரில் வழங்கும் வைத்தியம் எண்ணெய்தான். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் டீசலில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, வீட்டில் என்றால் தேங்காய் எண்ணெய், கொஞ்சம் செலவழிக்க மனம் உள்ளவருக்குக் கடையில் விற்கும் சிலிக்கான் பாலிஷ். மூன்றுமே அந்த நிமிடம் பலன் தருகின்றன; வண்டி கறுகறுவென்று ஆகிவிடுகிறது. இரண்டு மழை பெய்தால் பழைய சாம்பல் திரும்பிவிடும், மறுபடி எண்ணெய் வரும். இந்தச் சுற்று ஓயாததற்குக் காரணம் எண்ணெயின் தரமோ துடைத்தவரின் கையோ அல்ல. பிளாஸ்டிக்கிலிருந்து ஏதோ வற்றிப்போனதால் வெளுப்பு வருகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் மேற்பரப்பு சிதைந்துபோனதால்தான் வருகிறது. சிதைந்ததன் மேல் எதைச் சேர்த்தாலும் அது குணமாகாது. சிதைந்த அடுக்கை எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் வெயிலுக்குக் காப்புப் போட வேண்டும். அதற்கும் முன்பு, எந்தப் பாகம் மீளும், எது மீளாது என்று பிரித்தறிய வேண்டும்.

எண்ணெய் வைத்தியம் அறியாமையால் வந்ததல்ல. அது வேறொரு பொருளுக்கான சரியான அறிவு. நம் ஊர் மெக்கானிக்குகளும் டிங்கர் பட்டறைக்காரர்களும் வண்டியைப் பற்றிக் கற்றுக்கொண்டது இரும்பிலிருந்து. புல்லட், ராஜ்தூத், எஸ்டி எல்லாம் தகரமும் குரோமியமும்தான். இரும்புக்கு எதிரி தண்ணீர், அதிலும் கடலோர உப்புக்காற்று. நாகையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரே உள்ள கீழ்வேளூரில் தகரத்தின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் ஈரம் அண்டாது, துரு பிடிக்காது. பிளாஸ்டிக் வண்டிக்குள் நுழைந்தது பிற்காலத்தில். உலக அளவில் அதைப் பெரிதாகத் தொடங்கிவைத்தது ஜப்பானின் ஹோண்டா; 1958-இல் வந்த சூப்பர் கப் வண்டியின் முன் மட்கார்டும் கால்மறைப்பும் பாலிஎதிலீனால் வார்க்கப்பட்டவை. அதற்கு நாலு வருடம் முன்பு, 1954-இல், இத்தாலியில் ஜூலியோ நத்தா இன்று வண்டிகளில் மிகுதியாகப் பயன்படும் பாலிபுரொப்பிலீனை உருவாக்கியிருந்தார். 1963-இல் கார்ல் சீக்லருடன் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் பக்கம் 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்றவை வந்தன. 1994-இல் ஸ்பிளெண்டரும் ஸ்கூட்டியும் வந்த பிறகு ஹெட்லைட்டைச் சுற்றிய டூம், சைடு பேனல், சீட்டுக்குப் பின்னால் உள்ள கவுல் என்று வண்டியின் வெளித்தோற்றமே பிளாஸ்டிக்கானது. பொருள் மாறிவிட்டது, பராமரிப்பு மாறவில்லை. பிளாஸ்டிக்குக்கு எதிரி தண்ணீர் அல்ல, வெளிச்சம்.

வெளிச்சம் எப்படி ஒரு திடப்பொருளைத் தின்னும் என்று கேட்கலாம். பாலிபுரொப்பிலீன் என்பது ஆயிரக்கணக்கான கரிம அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலிகளின் பின்னல். சூரிய ஒளியில் சுமார் 290 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிருக்கு, அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை அறுக்கும் ஆற்றல் உண்டு. சுத்தமான பாலிபுரொப்பிலீன் இந்தக் கதிரை அவ்வளவாக உறிஞ்சாது. தயாரிப்பின்போது தங்கிவிடும் வினையூக்கியின் எச்சமும், அச்சில் உருக்கி வார்க்கும்போது உண்டாகும் சில ஆக்ஸிஜன் சேர்மங்களும்தான் முதலில் கதிரை வாங்கிக்கொள்கின்றன. அங்கே ஒரு கண்ணி அறுகிறது. அறுந்த முனை காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்கிறது. சேர்ந்தது பக்கத்துச் சங்கிலியையும் தாக்குகிறது. ஒன்று இன்னொன்றைத் தூண்டிக்கொண்டே போவதால் இந்த வினை தானாக நிற்பதில்லை. நீளமாக இருந்த சங்கிலிகள் துண்டு துண்டாகின்றன; மேற்பரப்பு சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விடுகின்றன. விரலால் தேய்த்தால் ஒட்டும் மாவு இந்தத் துண்டுகள்தான். கறுப்பு நிறம் தந்த கரித்தூள் அநேகமாக அங்கேயேதான் இருக்கிறது. அதன் மேல் விழும் ஒளி விரிசல்களில் பட்டுச் சிதறி நம் கண்ணுக்குத் திரும்புவதால் வெள்ளையாகத் தெரிகிறது.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாததல்ல. கரித்தூளே நல்ல காப்பு. அது கதிரை உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். வயலுக்குப் போடும் கறுப்பு ஹெச்.டி.பி.இ. குழாய்க்கான இந்தியத் தரநிர்ணயம் இரண்டரை சதவீத அளவில் கரித்தூள் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். இதோடு, அறுந்த முனைகளைப் பிடித்து அடக்கும் நிலைநிறுத்தி மருந்துகளையும் பிளாஸ்டிக்கில் கலக்கிறார்கள். ஆனால் இவை அளவாகக் கலக்கப்பட்டவை, வருடக்கணக்கில் வெயில் பட்டால் தீர்ந்துபோகும். ஒரு பாகம் பல வருடம் கறுப்பாகவே இருந்து, பிறகு ஒரே கோடையில் வெளுத்ததுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான். மருந்து தீர்ந்த பிறகுதான் சிதைவு வேகமெடுக்கிறது.

காவிரிப் படுகையின் கடைசி முனையில் இந்த மருந்து சீக்கிரமே தீர்கிறது. கீழ்வேளூர் ஏறத்தாழ 10.8 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும் ஆகஸ்டு 25-ஐ ஒட்டி ஒருமுறையும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் அது உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற ஊதாக் குறியீட்டில் 11-ஐ எட்டினாலே அதி தீவிரம். தமிழகத்தின் கோடை நடுப்பகல்கள் வழக்கமாகவே அதைத் தாண்டுகின்றன. வெயிலில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட முடியாதபடி சுடுகிறது, சூடு ஏறினால் ஆக்ஸிஜன் வினையும் வேகமாகிறது. கொள்முதல் நிலையத்தின் முன் நெல்லுக்குக் காவலாக நாள் முழுக்க வெயிலில் காத்திருக்கும் வண்டி, பேருந்து நிறுத்தத்தில் விட்டுவிட்டு நாகைக்கு வேலைக்குப் போனவரின் வண்டி, இவற்றுக்கு நிழல் என்பதே இல்லை.

இதோடு டெல்டாவுக்கே உரிய ஒரு தொல்லையும் சேர்கிறது: நெல் சுணை. உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்; அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் பொருள். தை மாத அறுவடையில் வண்டி மேல் படியும் தூசியைக் காய்ந்த துணியால் துடைப்பது, மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று தினமும் துடைப்பவரின் ஹெட்லைட், துடைக்காதவருடையதைவிட முன்னதாக மங்குவதைப் பார்க்கலாம். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டு, பிறகே துணியைத் தொடவேண்டும். செலவே இல்லாத இந்த ஒரு பழக்கம் பல பாலிஷ் புட்டிகளைவிட மேலானது.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். அது ஏன் உடனே வேலை செய்வதாகத் தெரிகிறது? விரிசல்களில் காற்று இருக்கும்வரை ஒளி சிதறும். எண்ணெய் அந்த விரிசல்களை நிரப்புகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் பிளாஸ்டிக்கினுடையதற்கு மிக அருகில் இருப்பதால் சிதறல் நின்று, உள்ளே இருந்த கறுப்பு தெரிகிறது. வெறும் தண்ணீர்கூட இதைச் செய்யும்; மழையில் நனைந்த பழைய வண்டி புதிதாகத் தெரிவது அதனால்தான். எண்ணெய் ஆவியானாலும் கழுவுண்டாலும் காற்று திரும்பி வரும், வெள்ளையும் திரும்பும். உதிர்கிற சுவரின் மேல் சுண்ணாம்பு அடிக்கும் வேலைதான் இது. சுவர் ஒட்டவில்லை, உதிர்வுதான் பார்வைக்கு மறைந்தது. தேங்காய் எண்ணெய் காய்ந்து படலமாகும் வகை அல்ல, ஆகவே பிசுபிசுப்பாகவே இருந்து சுணையையும் புழுதியையும் பிடித்து வைக்கிறது. டீசல் அதைவிடக் கெடுதல். பாலிபுரொப்பிலீனுக்குள் அது ஊறும்; சைடு பேனலைத் தாங்கும் ரப்பர் புஷ்களை உப்பவைக்கும்; ஏ.பி.எஸ். பாகங்களில் திருகாணி முறுக்கிய இடத்தைச் சுற்றி விரிசல் ஓடச் செய்யும். சிலிக்கான் பாலிஷ் பிளாஸ்டிக்குக்குப் பெரிய தீங்கு செய்யாது. ஆனால் பின்னாளில் பெயிண்ட் அடிக்க நினைத்தால், அதன் மிச்சம் பெயிண்டைப் பிடிக்கவிடாமல் மீன் கண்போல வட்ட வட்டமாக விலக்கும்.

எண்ணெய் மருந்தாகாது என்றாலும், தண்ணீரைப் பரிசோதனைக்குப் பயன்படுத்தலாம். பாகத்தைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். வெள்ளை அப்படியே போய்விட்டால் அது வெறும் அழுக்கோ, பள்ளங்களில் காய்ந்த பழைய மெழுகுப் பாலிஷோதான். போகாவிட்டால் ஓரிடத்தில் தண்ணீர் கலந்த வினிகரைத் தடவிப் பாருங்கள். கடலோர போர்வெல் தண்ணீர் காய்ந்து படிந்த சுண்ணாம்பு என்றால் கரைந்துவிடும். இரண்டுக்கும் அசையாமல், நனைந்தால் கறுத்துக் காய்ந்தால் வெளுப்பதுதான் வெயில் சிதைவு. நனைந்த நிலையில் அது எப்படித் தெரிகிறதோ, சரியான பூச்சுக்குப் பிறகும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். நனைத்தும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், நிறமும் சேர்ந்தே போய்விட்டது என்று பொருள். அதற்குப் பெயிண்ட் தவிர வழி இல்லை. கடைசியாக, வெளியே தெரியாத ஒரு காதைப் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பினால் உள்ளே உயிர் இருக்கிறது. சடக்கென்று முறிந்தாலோ, மேற்பரப்பில் நகம் சிக்கும் அளவுக்குப் பிளவு இருந்தாலோ, அந்தப் பாகத்தின் மேல் உழைப்பைக் கொட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

எந்த பிளாஸ்டிக் என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. பெரும்பாலான கம்பெனி பாகங்களின் உள்பக்கத்தில் இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு இடையே ஆங்கில எழுத்தில் பொருளின் பெயர் அச்சாகியிருக்கும்: பி.பி. என்றால் பாலிபுரொப்பிலீன்; ஏ.பி.எஸ். என்றால் அதுவே பெயர், பி.சி. என்றால் பாலிகார்பனேட், பி.எம்.எம்.ஏ. என்றால் அக்ரிலிக். எழுத்து இல்லையென்றால் உடைந்த சிறு துண்டை வாளித் தண்ணீரில் போடலாம். தண்ணீரைவிட லேசான பாலிபுரொப்பிலீன் மிதக்கும்; கனமான ஏ.பி.எஸ். மூழ்கும். டால்க் பொடி கலந்த பாலிபுரொப்பிலீனும் சில நேரம் மூழ்கும் என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், தொடும் உணர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பெயிண்ட் இல்லாமல் சொரசொரப்பாக வார்த்த கறுப்புப் பாகம் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், பெயிண்ட் அடித்த வழவழப்பான சைடு பேனலும் டூமும் பெரும்பாலும் ஏ.பி.எஸ்.

சொரசொரப்பான கறுப்புப் பாகத்துக்கு இப்போது பட்டறைகளில் பரவிவரும் வித்தை ஹீட் கன். சூடான காற்றை ஊதினால் வெள்ளைத் தோல் கண்ணெதிரே கறுக்கிறது. பார்க்கவே வியப்பாக இருக்கும். பாலிபுரொப்பிலீன் 160 – 165 டிகிரி செல்சியஸில் உருகும். மேல் அடுக்கு லேசாக உருகி விரிசல்கள் மூடிக்கொள்வதால் ஒளிச்சிதறல் நிற்கிறது. எண்ணெயைவிட இது நீடிக்கும், ஏனென்றால் இங்கே விரிசல் உண்மையாகவே மூடுகிறது. ஆனால் அறுந்துபோன சங்கிலிகள் ஒட்டுவதில்லை, தீர்ந்துபோன மருந்து திரும்புவதில்லை. அதே வெயிலில் அதே தோல் முன்னைவிட வேகமாக வெளுக்கும். ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் சொரசொரப்பு அழிந்து வழவழத்துப் போகும், பாகமும் வளையும். ஏ.பி.எஸ். நூறு டிகிரியை ஒட்டியே இளகிவிடுவதால் அதன் பக்கமே ஹீட் கன் போகக் கூடாது. பாகத்தைக் கழற்றாமல் பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் ஊதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது உயிரோடு விளையாடுவது.

சரியான வழி மெதுவானது. பாகத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நார் அட்டையும் வைத்து, அந்த மாவு உதிர்வது நிற்கும்வரை தேய்க்க வேண்டும். உப்புத்தாள் போட்டால் சொரசொரப்பு போய்விடும் என்பதால் நாரும் பிரஷ்ஷும் போதும். நிழலில் ஒருநாள் உலரவிட்டு, எண்ணெய்ப்பசை துளியும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காய்ந்தபின் படலமாக உறையும் வகைக் காப்புப் பூச்சைப் பூசலாம். கடைசி வரை ஈரமாகவே இருக்கும் எதுவும் காப்பு அல்ல. நிறமே போயிருந்தால் மேட் கறுப்புப் பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் பாலிபுரொப்பிலீன் மேல் சாதாரணப் பெயிண்ட் ஒட்டாது. அதன் மேற்பரப்பு எதையும் எளிதில் பற்றவிடாத குணம் கொண்டது. அதற்கென்று குளோரின் ஏற்றிய பாலிஒலிஃபின் கலந்த பிளாஸ்டிக் பிரைமர் இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தகரத்துக்கு அடிக்கும் பிரைமரை அடிப்பதால்தான் பல வண்டிகளில் பெயிண்ட் தோல் தோலாக உரிகிறது.

ஏ.பி.எஸ். இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. 400, 800 நம்பர் வாட்டர் பேப்பரால் வெளுத்த பெயிண்டை எடுத்து, பிரைமர், நிறம், மேலே கிளியர் என்று அடித்தால் வருடக்கணக்கில் நிற்கும். தின்னரையோ அசிட்டோனையோ தாராளமாக ஊற்றித் துடைக்கும் வழக்கத்தை மட்டும் விட வேண்டும், அசிட்டோன் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். அந்தக் குணத்தை நல்லதற்கும் பயன்படுத்தலாம்: உடைந்த ஏ.பி.எஸ். சில்லுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி விரிசலின் உள்பக்கம் பூசினால், அதே பொருளாலேயே ஒட்டு விழும். இரண்டு கலவை கிளியரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல், அதைத் தகுந்த முகமூடி போட்ட பெயிண்டர் கையில் விடுவதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லாக்கர் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டி வெண்படலம் பூக்கும். வேறு நிறத்துக்கு மாற்ற ஆசைப்படுபவர்கள், ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் பதிவாகியிருப்பதை மறக்க வேண்டாம்; மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும்.

இவ்வளவு சொன்னதற்கும் நியாயமான ஒரு மறுப்பு உண்டு: இதெல்லாம் அழகு வேலைதானே, உழைக்கிற வண்டிக்கு எதற்கு? உழைக்கிற வண்டிக்குத்தான் வேண்டும் என்பது என் பதில். வெளுப்பு என்பது பலம் போவதன் முதல் அறிகுறி. வெளுத்த மட்கார்டுதான் ஒருநாள் மேடு பள்ளத்தில் விரிந்து டயரில் மாட்டுகிறது. அழகு என்ற சொல்லையே எடுத்துவிட வேண்டிய பாகம் ஒன்றும் இருக்கிறது: ஹெட்லைட் லென்ஸ். பழைய வண்டிகளில் அது கண்ணாடி. கீறலாம், உடையலாம், வெயிலில் மஞ்சளாகாது. பின்னால் வந்த வண்டிகளில் அது பாலிகார்பனேட். கல் பட்டால் உடையாது, ஆனால் புற ஊதாக் கதிரில் அதன் மூலக்கூறுகளே இடம் மாறி மஞ்சள் நிறம் தரும். அதனால் கம்பெனியில் அதன் மேல் ஒரு கடினக் காப்புப் பூச்சு ஏற்றியே அனுப்புகிறார்கள். சுணையும் காய்ந்த துணியும் அந்தப் பூச்சைத்தான் முதலில் தின்கின்றன. அது போன பின் லென்ஸ் மங்கும். விளக்கு எரிந்தாலும் வெளிச்சம் முன்னால் போகாமல் நாலாபக்கமும் சிதறும். நமக்குச் சாலை தெரியாது, எதிரே வருபவருக்குக் கண் கூசும். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று விதி வந்ததே, எதிரே வருபவர் கண்ணுக்கு வண்டி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். டெல்டாவின் இரவுச் சாலையில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியும்: ஓரத்தில் காயப்போட்டு மூடிய நெல், அதைச் சுற்றி வைத்த கல், பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், வைக்கோல் பாரம், படுத்திருக்கும் மாடு.

லென்ஸை மீட்பது கடினமல்ல. சுற்றிலும் டேப் ஒட்டி, 800 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500, 2000, கிடைத்தால் 3000 என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். ஒவ்வொரு நம்பரும் முந்தையதன் கீறலை முழுவதும் அழித்த பிறகே அடுத்தது. பிறகு காம்பவுண்டு போட்டுத் துணியால் பாலிஷ். இதோடு நிறுத்துவதுதான் பலர் செய்யும் பிழை. பற்பசையால் தேய்ப்பவரும் இங்கேதான் நிற்கிறார். பற்பசை மென்மையான உராய்பொருள், மங்கலை எடுக்கும், ஆனால் காப்பு இல்லாத வெறும் பாலிகார்பனேட்டை வெயிலில் விட்டுவிடும். சில மாதங்களில் மஞ்சள் முன்னைவிடக் கெட்டியாக வரும். கடைசியில் புற ஊதா தடுக்கும் கிளியர் பூச்சு அவசியம். கம்பெனிப் பூச்சின் ஆயுள் அதற்கு வராது, ஆனாலும் அது இல்லாமல் வேலை முடியாது. பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றும் பாலிகார்பனேட்டில் சிலந்தி வலைபோல் விரிசல் விழச் செய்யும். துணியில் நனைத்துக்கூடத் தொடக் கூடாது. பின்விளக்கின் சிவப்பு மூடியும் இண்டிகேட்டரும் பெரும்பாலும் அக்ரிலிக். வெயிலை அது நன்றாகவே தாங்கும், காம்பவுண்டு மட்டும் போதும்.

இன்னொரு மறுப்பு: புதிய பாகம் கடையில் மலிவாகக் கிடைக்கும்போது ஏன் இந்தப் பாடு? ஓடிக்கொண்டிருக்கும் மாடல்களுக்கு, கம்பெனி பாகமே கிடைத்தால், மாற்றுவது சில நேரம் சரியான முடிவுதான். முறியும் பாகத்துக்கு அதுவே ஒரே முடிவு. ஆனால் மலிவு என்று வாங்குவது பெரும்பாலும் டூப்ளிகேட். மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் வார்த்ததாக இருந்தால், அது ஏற்கெனவே பலமுறை உருகிச் சங்கிலி குறுகிய பொருள். காப்பு மருந்து எவ்வளவு சேர்த்தார்கள் என்பது வெளியே தெரியாது. கடையில் பளபளக்கும், இரண்டு கோடையில் பழையதைவிட மோசமாகும். கம்பெனி வார்த்த பழைய பாகத்தில் சிதைந்திருப்பது வெளித்தோல் மட்டும். கரித்தூள் ஒளியை உள்ளே விடாததால் அடியில் நல்ல பொருள் மீதி இருக்கிறது. நின்றுபோன மாடல்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. 1996-இல் உற்பத்தி நின்ற ஆர்.எக்ஸ். 100 வண்டியின் ஒரிஜினல் சைடு பேனலுக்காகச் சென்னை புதுப்பேட்டை வரை போய்த் தேடுகிறார்கள். கையில் காப்பாற்றி வைத்திருப்பதுதான் அங்கே கிடைக்கும் ஒரே ஒரிஜினல்.

பழைய கணினிகளின் மஞ்சள் பெட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்யும் முறை 2008 வாக்கில் பிரபலமானது. அதை வண்டிக்கும் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெயிண்ட் அடிக்காத வெளிர்நிற பிளாஸ்டிக்குக்கு மட்டுமே அது பயன்படும், மஞ்சளும் காலப்போக்கில் திரும்பக்கூடும். நம் ஊர் வண்டிகளில் அப்படிப்பட்ட பாகம் அரிது, கறுப்புப் பாகத்துக்கு அது கேடு. எதையும் தேய்க்காமல், பூசாமல் அப்படியே காப்பதே உண்மையான பாதுகாப்பு என்று அருங்காட்சியகப் பார்வையில் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் பிளாஸ்டிக் பொருள்களைக் காக்க 2008 முதல் 2012 வரை நடந்த பாப்பார்ட் ஆய்வுத் திட்டம் முதலியவை கரைப்பான்களிலும் தேய்ப்பதிலும் மிகுந்த எச்சரிக்கை கேட்பவைதான். அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே பொருள் இருட்டறையில் இருக்கிறது. இங்கே வண்டி நாளையும் வெயிலில் வயலுக்குப் போகவேண்டும். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒளியைக் குறைப்பதே முதல் மருத்துவம் என்ற பாடத்தைத்தான்.

அந்த மருத்துவம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: தென்னங்கீற்றுக் கொட்டகை. புற ஊதாக் கதிர் நேர் வெயிலில் மட்டும் வருவதில்லை. வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது. ஆகவே சுவரோர நிழல் பாதிப் பலன்தான். வானத்தை மறைக்கும் கூரைக்குத்தான் முழுப் பலன். கீற்று வெயிலை மறைக்கும், சூட்டைத் தேக்காது, காற்றையும் விடும். இறுக்கமான பிளாஸ்டிக் கவர் போர்த்தினால் உள்ளே ஈரம் தங்கித் தகரம் துருப்பிடிக்கும். கொட்டகை இல்லாதவர் பழைய பருத்தி வேட்டி ஒன்றை டூம் மீதும் சீட் மீதும் போட்டு வைத்தாலும் வித்தியாசம் தெரியும்.

மட்கார்டும் பேனலும் பங்குனி வரை காத்திருக்கலாம். சம்பா அறுவடை சாலைக்கு வருவதற்கு முன், மார்கழியில் மழை விட்ட ஒரு நல்ல வெயில் நாள் பார்த்து, ஹெட்லைட் லென்ஸை மட்டுமாவது தேய்த்துக் கிளியர் பூசிவிடுங்கள்.